பெல்லிலிருந்து தொடங்குகிறவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ‘ற’ போட வேண்டும், எங்கே சின்ன ‘ர’ போட வேண்டும் என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். எங்கள் தெருப் படிப்பகத்தில் மறக்க முடியாத ஓர் ஆளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தாலே எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆளை மட்டும் திருத்திவிடாதீர்கள்.

அவர் ஒரு சைக்கிள் மெக்கானிக். பெயர் வேண்டாம். நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணாத்தே என்பேன். அவர் ஊரில் எல்லோரையும் கூப்பிடுவதுபோல என்னையும் நைனா என்பார். திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டிக் கடை வைத்திருந்தார். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். சுவரும் போனது, அவரும் மகள் வீட்டோடு போய்விட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் பட்ட எரிச்சலை நான் வேறு யாரிடமும் பட்டதில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் அந்த எரிச்சல் புரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் டீ விற்கிறவன் நான். டிரைவர்கள் கீழே இறங்க மாட்டார்கள். இறங்கிய நேரம் பார்த்து வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் இடத்தைப் பிடித்துவிடுவான். அதனால் டீதான் கேபினுக்குப் போக வேண்டும். சைக்கிளில் பின்னால் கேன், ஹேண்டிலில் கப்புகள் உள்ள பை. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் மட்டும் நுழைகிற அளவு சந்து இருக்கும். அதில் நடக்கிற வேகத்தில் போக வேண்டும், நிற்க வேண்டும், ஒரு கையால் டீயை மேலே நீட்ட வேண்டும், மறுபடி போக வேண்டும்.

பிரேக் பிடிக்கக் கை இருக்காது. கை இருந்தாலும் பிரேக் இருக்காது. கடல் காற்றில் பிரேக் கம்பி துருப்பிடித்து அறுந்துகொண்டே இருக்கும். அதனால் லாரி பாடி கட்டும் இடத்தில் ஒரு வெல்டரைப் பிடித்து, பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, அசையாதபடி வெல்டிங் வைத்து வாங்கிக்கொண்டேன். மற்ற சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நிற்கும், சக்கரம் ஓடும். என் சைக்கிளில் அப்படியில்லை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும். கால்தான் பிரேக். வரிசையில் அதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஒருநாள் அது நழுவ ஆரம்பித்தது. நிறுத்துவதற்குக் காலைப் பின்னால் அழுத்தினால், படி இருக்கிறது என்று நினைத்து இல்லாத படியில் கால் வைத்த மாதிரி, பெடல் சும்மா பின்னால் போகும். மறுபடி முன்னால் மிதித்தால் ‘கிணுக்’ என்று பிடித்துக்கொள்ளும். ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. இரண்டு டிரெய்லருக்கு நடுவில் அது வந்தால் ஆள் காலி. இதைச் சரி செய்யத்தான் அவரிடம் போனேன்.

“அண்ணாத்தே, பின் சக்கரம் நழுவுது” என்றேன்.

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வேலை முடிந்து கை கழுவுகிற மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறேன். தொடங்கும்முன் கழுவுகிறவரை அவரிடம்தான் பார்த்தேன். சாக்கை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி பெல்லை அடித்தார்.

“இன்னா நைனா, பெல்லுக்குத் தொண்ட கட்டிகினு கீது?”

“பெல்லு பரவால்ல அண்ணாத்தே. பின்னாடி...”

“வரேன், வரேன். பின்னாடி எங்க ஓடிப் பூடப் போவுது?”

பெல்லின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த துருவை மண்ணெண்ணெயில் துடைத்தார். அடுத்து ஹேண்டில். அடுத்து ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் பேரிங் குண்டுகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் முன் சக்கரம். அதில் ஒரு முடி அளவு கோட்டம் இருந்தது. அதை எடுக்கிறேன் என்று கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் வருகிறவர் போகிறவரோடு பேச்சு. சீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். சாயங்காலம்தான் வரிசை பெருகும். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் மத்தியானம் போனேன். கை கழுவினார், உட்கார்ந்தார், பெல்லை அடித்தார்.

“அத்த நேத்தே பாத்துட்டியே அண்ணாத்தே.”

“நேத்துப் பாத்தது நேத்து வண்டி. ரோட்டுல போய்ட்டு வந்துதா இல்லியா?”

போய்விட்டுத்தான் வந்தது. மறுபடியும் பெல், ஹேண்டில், குண்டு, முன் சக்கரம். மறுபடியும் சீட்டோடு சாயங்காலம்.

அவர் அப்படித்தான். எதையும் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இளவயதில் துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டும் கயிறு வேலை பார்த்தவர். “முன் கயிறு சரியா கீதான்னு பாக்காம பின் கயித்துல கை வெச்சா, கப்பலு திரும்பிக்கும் நைனா” என்பார். கப்பலுக்குச் சரி. டீ வண்டிக்கு என்ன என்று கேட்க எனக்கு வாய் வராது.

வழி கேட்கிறவர்கள்கூட அவரிடம் மாட்டிக்கொள்வார்கள். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர், கத்திவாக்கத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

“நீ எங்கேர்ந்து வர்றே?”

“ராயபுரம்ணே.”

“அப்ப ராயபுரத்துலேர்ந்து சொல்றேன் கேட்டுக்க.”

“அண்ணே, நான் இங்க வந்துட்டேன். இதுக்கு மேல சொல்லுங்க.”

“வந்தியே, கரீட்டா வந்தியான்னு பாக்க வேணாமா?”

அந்த ஆள் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். இவர் நிறுத்தவில்லை. ராயபுரத்திலிருந்து காசிமேடு வரைக்கும் என்னிடம் வழி சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். என் சைக்கிள் முன் சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது.

அவர் மனைவி மத்தியானம் சோறு கொண்டுவருவார். அந்த அண்ணிக்கு வாய் நீளம். வந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“யோவ், சோறு ஆறுது. கொயம்பு ஊத்திக்கினு துன்றியா, இல்ல நெல்லு வெளஞ்ச கதையிலேர்ந்து வர்றியா?”

“வரேன்மே. இந்த நட்ட இறுக்கிட்டு.”

அண்ணி என்னைப் பார்த்துச் சொல்வார். “இந்த ஆளு என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, ‘பொண்ணு புட்ச்சிருக்கா தம்பி’ன்னு எங்கப்பா கேட்டாரு. இவரு எந்தக் குப்பத்துல பொறந்தாரு, எந்த வூட்டுல வளந்தாருன்னு ஆரம்பிச்சாரு. பஜ்ஜி ஆறிப்பூட்ச்சு, மாப்ள வூட்டுக்காரங்க கெளம்பிட்டாங்க, பதிலு மட்டும் வர்ல.”

“வந்துகினு கீதுமே” என்பார் அவர், நட்டை விட்டுத் தலையைத் தூக்காமல். அண்ணி சிரித்துக்கொண்டே முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைப்பார். எனக்கும் சிரிப்பு வரும். என் வண்டி ஞாபகம் வந்ததும் போய்விடும்.

அவருடைய அந்தப் பழக்கம் ஒருமுறை உதவியும் இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும். கடைக்கு வந்த இடத்தில் அண்ணி ஒருநாள் மயங்கி விழுந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனோம். நர்சம்மா, “கடைசியா என்ன ஆச்சு, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். இவர், “காத்தால எய்ந்து வாசத் தெளிச்சுது. அப்பால பால் பாக்கெட்டு வாங்கியாந்துது” என்று ஆரம்பித்தார். நர்சம்மா கத்தினார், நானும் மனசுக்குள் கத்தினேன். இவர் நிறுத்தவில்லை. “சக்கர மாத்திரைய போட்டுகினு கஞ்சி குடிக்கப் போச்சு, அதுக்குள்ள தண்ணி லாரி வந்துட்ச்சுன்னு கொடத்த எட்துகினு ஓடிட்ச்சு” என்று வந்ததும் நர்சம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஓடிப்போய் குளுக்கோஸ் எடுத்து வந்தார். சாப்பிடாமல் மாத்திரை போட்டதில் சர்க்கரை இறங்கிவிட்டதாம். அன்று முழுக்க அண்ணாத்தே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. என் வண்டி விஷயத்தில் இனி அவர் மாறவே மாட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

வேறு கடைகளுக்குப் போனேன். தண்டையார்பேட்டையில் ஒருவர் செயின் தொங்குகிறது என்று ஒரு கண்ணியை எடுத்துவிட்டு இறுக்கினார். வண்டியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “கல்லு மாரி கீது, எங்க நழுவுது?” என்றார். மறுநாள் நழுவியது. கொருக்குப்பேட்டையில் ஒருவர் முன்னால் இருக்கிற பெரிய பல் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். அவரும் ஏறிச் சுற்றி வந்தார், அவருக்கும் நழுவவில்லை. “வண்டில ஒண்ணும் இல்ல பெர்சு. உன் கால்லதான் பலம் இல்ல” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன். புதுச் செயினும் போட்டேன். நழுவுவது நிற்கவில்லை. யார் ஏறினாலும் ஒழுங்காகப் போகிற வண்டி, நான் ஏறி வரிசைக்குள் நுழைந்ததும் காலை வாரியது. எனக்கே என் கால் மேல் சந்தேகம் வந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் எர்ணாவூர்ப் பக்கம் அது நடந்தது. எனக்கு முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கன்டெய்னர் ஏற்றிய ஒன்று. வரிசை மாறும் இடத்தில் நான் இரண்டுக்கும் நடுவே வந்துவிட்டேன். முன்வண்டி நின்றது. காலைப் பின்னால் அழுத்தினேன். பெடல் பின்னாலேயே போனது. இன்னும் அழுத்தினேன், இன்னும் போனது. முன் சக்கரம் டிரெய்லரின் அடியில் நுழைந்து இரும்புச் சட்டத்தில் மோதியது. கேன் மூடி திறந்து கொதிக்கிற டீ தொடையில் கொட்டியது. பின்னால் பெரிய வண்டியின் காற்று பிரேக் சீறுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அதன் பம்பர் என் கேரியரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்த டிரைவர் வெளியூர்க்காரர். இறங்கி ஓடிவந்தார். “ஏப்பா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? புள்ளகுட்டி இல்லையா உனக்கு?” என்று கத்தினார். அப்புறம் தன் தண்ணீர் பாட்டிலை என் தொடையில் ஊற்றினார். என்ன சொல்வது? கால் நின்றது, வண்டி நிற்கவில்லை என்றா?

கொஞ்ச நாள் வரிசைக்குப் போக முடியவில்லை. அதற்குள் இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. சந்துக்குள் அந்த வண்டி நுழையாது, ஓரத்து வரிசைக்கு மட்டும்தான் கொடுப்பார். இருந்தாலும் என் வியாபாரம் பாதி போய்விடும். புண்ணில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி அண்ணாத்தேயிடமே போனேன். இந்தமுறை காலையிலேயே வண்டியைக் கொடுத்துவிட்டு, பொழுது முழுக்க உட்கார்ந்துவிடுவது என்று முடிவு. அடிபட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கிருந்து வரிசை ஆரம்பிக்கிறது என்று கேட்பார்.

அன்று நன்றாகத்தான் போனது. மத்தியானத்துக்குள் சீட்டைத் தாண்டிவிட்டார். பெடலுக்கு வந்தார். பெரிய பல் சக்கரத்துக்கு வந்தார். அடுத்தது செயின், அதற்கடுத்தது பின் சக்கரம். நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போது ஒரு மீன்காரம்மா பஞ்சரான வண்டியோடு வந்தார். அதை முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

“இருட்டுல செயின்ல கை வெக்கக் கூடாது நைனா. நாளிக்கு வா.”

“நாளிக்கு செயின்லேர்ந்து பாப்பியா அண்ணாத்தே?”

“வண்டிய இங்கயே உட்டுட்டுப் போனா செயின்லேர்ந்து. எட்துகினு போனா பெல்லுலேர்ந்து.”

அது தார்ப்பாய்க் கடை, கதவு கிடையாது, பூட்டு கிடையாது. வண்டியை விட்டுப் போனால் காலையில் பெல்கூட இருக்காது. நான் ஏறவில்லை. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் காலை தள்ளிக்கொண்டே வந்தேன்.

“ஏறவே இல்ல அண்ணாத்தே. தள்ளிகினுதான் போனேன், தள்ளிகினுதான் வந்தேன்.”

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். “தள்ளினா மட்டும் ரோடு இல்லியா?” என்று சொல்லிக்கொண்டே பெல்லுக்குக் கையை நீட்டினார்.

நான் ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். எனக்கே அது அதிர்ச்சியாக இருந்தது.

“அண்ணாத்தே, இந்த வண்டிக்கு முன்னு பின்னு கெடையாது. இது பின்னாலயும் போவும்.”

“இன்னாது?”

சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையால் கம்பெனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாக மிதித்தேன். வண்டி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. பிறகு நகரவில்லை, பெடல் மட்டும் போனது. நான் விடவில்லை. எனக்கிருந்த கோபத்தில் மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். செயின் கழன்று தரையில் தொங்கியது. இறங்கிப் பார்த்தால் பின் பல் சக்கரம் மரை கழன்று, தன் இடத்தை விட்டு வெளியே வந்து, சட்டத்தில் உரசிக்கொண்டு நின்றது.

அவர் சாக்கிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து விரலால் அதை ஆட்டிப் பார்த்தார். முன்பக்கம் சுற்றினார், இறுகியது. பின்பக்கம் சுற்றினார், கழன்றது. மறுபடி ஒருமுறை அதையே செய்தார்.

“முன்ன மிதிச்சா மரை இறுவுது. பின்ன மிதிச்சா கயலுது” என்றார். “ஃப்ரீவீல வெல்டிங் வெச்சவன், அத்த சக்கரத்தோட சேத்து வெக்கல, வெறும் மரையிலதான் நிக்குது. நீ பிரேக் புட்ச்சுப் புட்ச்சு நீயே அத்தக் கயட்டிகினு இருந்துகீற.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லா மெக்கானிக்கும் ஏறி முன்னால் மிதித்துப் பார்த்தார்கள். அவர்கள் மிதிக்க மிதிக்க அது இறுகியது. காலால் நிறுத்துகிறவன் நான் ஒருவன்தான்.

“இத்த நான் கடைசியா பாத்திருப்பேன் நைனா” என்றார் அவர், சமாதானமாக.

“கடைசி வரிக்கும் நான் இருக்கணும்ல அண்ணாத்தே!”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ரயில்வே கேட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் லுங்கியைத் தூக்கித் தொடையைக் காட்டினேன். நடுரோட்டில், பொம்பளைகள் போகிற இடத்தில். துணியைப் பிரித்துப் புண்ணைக் காட்டினேன்.

அவர் புண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பின் சக்கரத்தின் பக்கம் போய்ச் சாக்கு இல்லாமல் தரையிலேயே உட்கார்ந்தார். எந்த ஸ்பேனரை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கடையிலேயே வேறு யாரோ மாதிரி தடவிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார். பின் சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வெல்டிங் கடைக்கு நடந்தார். பல் சக்கரத்தைச் சக்கரத்தின் நடு உருளையோடு சேர்த்துச் சுற்றிலும் வெல்டிங் வைக்கச் சொன்னார். வெல்டர், “அப்பறம் இந்தப் பக்கம் சக்கரக் கம்பி ஒடஞ்சா மாத்த முடியாது” என்றார். “ஒடஞ்சா சக்கரத்த மாத்திக்கலாம்யா. காலு ஒடஞ்சா?” என்றார் இவர்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஏறி ஓட்டினேன், காலைப் பின்னால் அழுத்தினேன். டயர் தரையில் கோடு போட்டுக்கொண்டு நின்றது. மறுபடி ஓட்டினேன், நின்றது. எத்தனை நாள் கழித்து என் கால் என் பேச்சைக் கேட்டது! சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பக்கம் எதையும் தொடவில்லை. “போய்ட்டு வா” என்றார். அவ்வளவுதான்.

வரிசையில் பழைய டிரைவர்கள் எல்லாம் கை நீட்டினார்கள். சந்துக்குள் தைரியமாகப் போய் வந்தேன். இதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி என்னை ரயில்வே கேட்டில் நிறுத்தினார்.

“ஏன் தம்பி, அவராண்ட நீ இன்னா சொன்னே?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. வண்டிய சீக்கிரம் பாக்கச் சொன்னேன்.”

“சண்ட புட்ச்சியா?”

“இல்ல அண்ணி.”

“பின்ன ஏன் இப்டி ஆய்ட்டாரு? வூட்டுக்கு வர்றாரு. ‘இன்னா’ன்னா ‘ஒண்ணுமில்ல’ன்றாரு. ‘துன்னியா’ன்னா ‘ஆச்சு’ன்றாரு. முன்ன ஒரு வெங்காயம் வாங்கினாருன்னா கொத்தவால்சாவடி மார்க்கெட்டு இருந்த காலத்துலேர்ந்து சொல்லுவாரு. நானும் ‘போதும் நிறுத்துய்யா’ன்னு கத்திகினே கேப்பேன். இப்ப நானே பேசி நானே கேட்டுகினு கீறேன். பேஜாரா கீது தம்பி.”

நான் போய்ப் பார்த்தேன், தூரத்தில் நின்றுதான். ஒருவர் சைக்கிளோடு வந்தார். அண்ணாத்தே, “எங்க கோளாறு?” என்று கேட்டார். “பின் பிரேக்கு” என்றார் வந்தவர். பிரேக்கைச் சரி செய்தார், கொடுத்தார். அடுத்தவர் வந்தார். “எங்க கோளாறு?” எல்லோரும் சீக்கிரம் வேலை முடிந்தது என்று சந்தோஷமாகப் போனார்கள். கடையில் முன்னைவிடக் கூட்டம். வழி கேட்டு வந்த ஒருவருக்குக் கையைக் காட்டி, “நேரா போ” என்றார்.

எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. நான் என் காலுக்காகத்தான் கத்தினேன். அது நியாயம் இல்லையா? அடிபட்டவன் கத்தக் கூடாதா? என் ஒரு வண்டிக்குத்தானே பின்னாலிருந்து பார்க்கச் சொன்னேன்? உலகத்து வண்டிக்கெல்லாமா சொன்னேன்? இந்த ஆளுக்கு ஒன்று முன்னாலிருந்து எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம். நடுவில் ஒரு வழியே தெரியாதா? இப்படி எல்லாம் அவரிடம் கேட்க வேண்டும் என்று நாலைந்து முறை வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். ரயில்வே கேட்டு வரைக்கும்தான் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் ஒருநாள் காலை, கேனை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. கடைக்கு முன்னால் நிறுத்தினேன்.

“எங்க கோளாறு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னால் அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். அதனால் வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“ஒரு சத்தம் வருது அண்ணாத்தே.”

“எங்கேர்ந்து?”

“தெரில.”

“முன்னவா, பின்னவா?”

“தெரில அண்ணாத்தே. ஒரு நாளு இங்க கேக்குது, ஒரு நாளு அங்க கேக்குது. நீதான் பாத்துச் சொல்லணும்.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கேட்டில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“சாயங்காலம் வரிசைக்குப் போவணுமே நீ?” என்றார்.

“இன்னிக்குப் போவல.”

எழுந்து சோப்பைத் தேடினார்.

அன்று நான் கடையில்தான் இருந்தேன். அண்ணி சோறு கொண்டுவந்தவர், எட்ட நின்று பார்த்துவிட்டு, கிட்டே வந்து வழக்கத்தைவிடச் சத்தமாகத் திட்டினார். வெளிச்சம் போகிற நேரத்தில் அண்ணாத்தே சீட்டுக்குத்தான் வந்திருந்தார். பின் சக்கரத்தை அன்றைக்கும் பார்க்கவில்லை.

எழுதி முடித்த நாள்: கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.